பெருமாள் ரைஸ் மில்லில் எழுந்தருளிய செய்தி

தெப்பக்குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது நிஜாமுதீன் பாயின் அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்த வைஜயந்தி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

எதிரே நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தவர் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி வெள்ளைச்சாமி. அறுபதைத் தாண்டியவர். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"இதுதாம்மா. நல்லா பெருசா வேணும். பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ். ரோட்டுல போறவன் நின்னு படிக்கணும்."

திரையில் ஒரு பழைய செய்தித்தாளின் மேல்பாதி இருந்தது. பழுப்பேறிய காகிதம், மடிப்பு விழுந்த கோடுகள், மங்கிய அச்சு. 'ரணபேரி' என்று பத்திரிகையின் பெயர். பெயருக்கு இடப்பக்கம் மலைக்கோட்டை, வலப்பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். 1942 ஏப்ரல் என்று தேதி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தலைப்பு:

'ஜப்பான் குண்டு பீதி! ஆலங்கரை ஸ்ரீ வரதராஜப் பெருமாள் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் எழுந்தருளினார்! நெல் மூட்டைகளிடையே ரகசிய வாசம்!'

அந்தத் தலைப்பை எழுதியது வைஜயந்தி. காகிதத்துக்குப் பழுப்பு ஏற்றியது வைஜயந்தி. மடிப்புக் கோடுகூட அவள் போட்டதுதான், இதே கம்ப்யூட்டரில், ஒரு மத்தியான வேளையில், தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே. ஆனால் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காணோம். யாரோ நறுக்கிவிட்டிருந்தார்கள்.

"இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க் கோயில் குரூப்ல வந்துச்சும்மா. எங்க சாமியே போட்டாரு. அழகியமணவாளன் சாமின்னு, ஸ்ரீரங்கத்துலேருந்து தினம் வந்து பூஜை பண்ணுறாரு. பொய்யின்னு ஒண்ணு அவரு வாயில வராது. தங்கமான மனுஷன்."

அந்தத் தங்கமான மனுஷன் வைஜயந்தியின் கணவர். அது வெள்ளைச்சாமிக்குத் தெரியாது.

அவர் பேசிக்கொண்டே போனார். ஆலங்கரையில் பங்குனி உத்திரத்தன்று பெருமாள் பல்லக்கில் வீதி சுற்றுவார். முச்சந்திக்கு வந்ததும் பல்லக்கு இடப்பக்கம் திரும்பி, பங்காளி ரங்கநாதன் வீட்டு வாசலில் முதலில் நிற்கும். ரங்கநாதன் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வலப்பக்கம் வெள்ளைச்சாமியின் பூர்வீக வீட்டுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக இரண்டாவது வாசல்.

"கேட்டா மூத்த வகையறாம்பான். சரி, மூத்த வகையறா. ஆனா குண்டு விழப் போகுதுன்னப்ப பெருமாளக் காப்பாத்துனது யாரு? ஆலங்கரைக்காரன் மண்ணச்சநல்லூர்ல மில்லு வச்சது எங்க தாத்தன் ஒருத்தர்தான். பேப்பர்லயே போட்டிருக்கான். இந்த வருஷம் முதல் மரியாதை எங்க வாசல்லதான். குறுக்க எவன் வரான்னு பார்க்கிறேன்."

அந்த இடத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். 'ஐயா, இது நான் விளையாட்டுக்குப் பண்ணினது' என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி 'அப்போ சாமி ஏன் குரூப்பில் போட்டார்?' என்றுதான் வரும். அந்தக் கேள்வி போய் நிற்பது அவள் வீட்டு வாசலில். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுத்தைக் கூர்மையாக்கி, ஃப்ளெக்ஸை அடித்துக் கொடுத்தாள். வெள்ளைச்சாமி மனசு நிறைந்து, அவளுக்கென்று தனியாக ஒரு பை பொன்னி அரிசி கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வைஜயந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தமிழ் எம்.ஏ. வாத்தியார் வேலை கிடைக்காமல் அச்சகத்துக்கு டைப் அடிக்க வந்து, அங்கேயே தலை நரைத்தவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். குடும்பம் நடப்பது அவள் சம்பளத்தில். ஆலங்கரைப் பெருமாள் தன் அர்ச்சகருக்குக் கொடுப்பது பெரும்பாலும் புளியோதரைதான்.

வாயைத் திறந்தால் அவளுக்குக் கேலிதான் வரும். ஆனால் வாய்த்த மனுஷரோ சிரிப்பு என்பதையே பிரசாதம் மாதிரி வேளை பார்த்து வைத்துக்கொண்டவர். கல்யாணமான புதிதில் இவள் எதையாவது சொல்லிச் சிரித்தால் அவர் "ஹூம்" என்பார். இருபத்தைந்து வருஷமாக அதே "ஹூம்". சிரிக்காத மனுஷரோடு சமையலறையில் எத்தனை நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பது? அந்தக் கேலியெல்லாம் போய்ச் சேர்ந்த இடம்தான் 'ரணபேரி'.

யுத்த காலத்துப் பத்திரிகைகளின் தமிழ் அவளுக்குப் பிடிக்கும். அந்தப் படபடப்பும் சமஸ்கிருதமும் ஆச்சரியக்குறிகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யுத்தம் மட்டும் வேறு மாதிரி நடந்திருந்தால், அதுவும் நம்மூரிலேயே நடந்திருந்தால், அந்தப் பத்திரிகைகள் என்ன போட்டிருக்கும் என்று யோசிப்பாள். 'மலைக்கோட்டையைப் பிடிக்க வந்த ஜப்பானியப் படை பாதிப் படியில் மூச்சு வாங்கிச் சரணடைந்தது, நீர்மோர் வழங்கப்பட்டது.' 'காவேரியில் எதிரி நீர்மூழ்கிக் கப்பல்! முழங்கால் தண்ணீரில் மூழ்க இயலாமல் தவிப்பு. முக்கொம்பில் மதகைத் திறக்கக் கோரி மனு.' 'ஸ்ரீரங்கத்துள் புகுந்த ஒற்றன் வீதி வீதியாகச் சுற்றி வருகிறான். வெளியே போகும் வழியை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாமென்று கலெக்டர் வேண்டுகோள்.'

பேர் போடாமல் பேஸ்புக்கில் போடுவாள். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ஆள் யாரென்று தெரிந்தது நிஜாமுதீன் பாய் ஒருவருக்குத்தான்.

அவளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், குண்டுக்குப் பயந்து விளக்கணைக்கும் இருட்டடிப்பு ராத்திரிகளுக்கென்றே பெரிதாக ஒரு கருவாட்டு விளம்பரம் இருக்கும். அந்த விளம்பரக் கட்டத்துக்குள்ளேயே, 'இது முழுக் கற்பனை. ரணபேரி என்றொரு பத்திரிகை எந்தக் காலத்திலும் வந்ததில்லை' என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிடுவாள். இந்தப் பக்கத்திலும் போட்டிருந்தாள். ஆலங்கரைக் கோயிலை ஏன் இழுத்தாள் என்றால், 'நம்ம பெருமாள ஒருத்தருக்கும் தெரியலையே' என்று அவர் அங்கலாய்த்துக்கொண்டே இருப்பார். தெரிந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு செல்லக் குறும்பு. மில்லைச் சேர்த்தது, கோயில் தளிகைக்கு அங்கிருந்து அரிசி வருகிறது என்று அவர் எப்போதோ சொன்ன ஞாபகத்தில்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, கோயில் குரூப்புல ஏதோ பழைய பேப்பர் போட்டேளாமே?"

அழகியமணவாளனின் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"நீயும் பாத்தியா? நம்ம பெருமாள்டி! அந்தக் காலத்துலயே பேப்பர்ல வந்திருக்கார். அப்போ கைங்கர்யம் எங்க தாத்தாதான். அவர் கையாலதான் மில்லுக்கு எழுந்தருளப் பண்ணியிருப்பார். ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொன்னதில்லை பாரு. நமக்கும் ஒரு சரித்திரம் இருக்கு வைஜூ."

"முழுப் பேப்பரும் வந்துதா?"

"வந்தது. யாரோ போன்ல அனுப்பியிருந்தா. அடியில ஒரு கருவாட்டு விளம்பரம். பெருமாள் திருநாமத்துக்குக் கீழ அது இருக்கலாமோ? அபசாரம். அதை வெட்டிட்டுப் போட்டேன்."

சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவாடு என்ற சொல்லை வாயால் சொன்னதற்குக் கூசுகிறார் என்று வைஜயந்தி நினைத்தாள். ஆசாரம் பார்த்து அவர் நறுக்கி எறிந்தது கருவாட்டை மட்டுமில்லை, 'இது முழுக் கற்பனை' என்ற வரியையும்தான். அவர் கண்ணில் இருந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஃப்ளெக்ஸ் முச்சந்தியில் ஏறியது. மறுநாளே அதன்மேல் சாணி விழுந்தது. துடைத்துக் காவலுக்கு ஆள் போட்டார்கள். வெள்ளைச்சாமியின் கார் கண்ணாடியில் கல் விழுந்தது. ரங்கநாதன் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. தானாக எரிந்தது என்று ஒருவரும் நம்பவில்லை. போன வருஷம் பக்கத்து ஊர் ஒன்றில் இதே மாதிரி மரியாதைத் தகராறில் ஒருவருக்கு மண்டை உடைந்து, கோயிலையே பூட்டிவிட்டார்கள். உள்ளே பெருமாளுக்கு இன்றுவரை விளக்கு இல்லை. அதை நினைத்து நினைத்து அழகியமணவாளன் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்தார்.

"நாளன்னிக்கு பரிவட்டத்த நான்தான் கட்டணும் வைஜூ. யார் தலையில கட்டினாலும் இன்னொருத்தர் கை ஓங்குவா. நம்ம கோயிலையும் பூட்டிட்டா பெருமாள் இருட்டுல இருப்பாரே."

அப்போதுதான் வைஜயந்தி முடிவு செய்தாள், சொல்லிவிடுவது என்று. பக்கத்தை உண்டாக்கியது நான் என்று சொல்வாள். வெட்டியது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். அது வெளியே வந்தால் 'மில்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு அர்ச்சகரே வெட்டி ஒட்டிவிட்டார்' என்று கிளம்பும். தாத்தா காலத்திலிருந்து வந்த கைங்கர்யம் போய்விடும். பெருமாளைத் தொட முடியாமல் போனால் அந்த மனுஷருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

உத்திரத்துக்கு முந்தின நாள் கோயில் மண்டபத்தில் சமாதானக் கூட்டம். சப்-இன்ஸ்பெக்டர் கலைமதி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ரங்கநாதன், மெலிந்து உயர்ந்த விவசாயி, துண்டை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். மறுபக்கம் வெள்ளைச்சாமி. அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவருடைய அத்தை வெள்ளையம்மாள், தொண்ணூறை நெருங்கியவர். தூணோரம் அழகியமணவாளன்.

"நாளைக்கு ஒரு கல்லு விழுந்தாலும் கோயிலப் பூட்டிச் சாவிய தாசில்தார் ஆபீஸ்ல குடுத்துடுவேன். ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்" என்றார் கலைமதி.

பின்வரிசையிலிருந்து வைஜயந்தி எழுந்தாள். மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. கணவரும் பார்த்தார்.

"நான் சாமியோட சம்சாரம். அந்தப் பேப்பர் நெஜமில்லை. நான்தான் பண்ணினேன். விளையாட்டுக்குப் பண்ணினேன்."

போனில் முழுப் பக்கத்தையும் காட்டினாள். கருவாட்டு விளம்பரத்தையும் அதற்குள் இருந்த வரியையும் கலைமதி உரக்கப் படித்தார். ரங்கநாதன் பக்கத்தில் ஆரவாரம் எழுந்தது. வெள்ளைச்சாமியோ கண்ணை இடுக்கிக்கொண்டு வைஜயந்தியையே பார்த்தார்.

"நீதானேம்மா எனக்கு ஃப்ளெக்ஸ் போட்டுக் குடுத்தது? உன் கையாலதானே குடுத்தே? அன்னிக்கு ஏன் சொல்லல? அன்னிக்கு நெஜமா இருந்தது இன்னிக்கு எப்படிப் பொய்யாச்சு? ரங்கநாதன் எவ்வளவு குடுத்தான்?"

"ஐயா, பெருமாள் சத்தியமா..."

"கம்ப்யூட்டர்ல கீழ எத வேணா ஒட்டலாம். எனக்குத் தெரியாதா? அத்தை, நீ சொல்லு."

வெள்ளையம்மாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

"நான் பார்த்தேன் தாயி. அப்ப எனக்கு ஆறு வயசு இருக்கும். மில்லுக்குள்ள மூட்டைக்கு நடுவுல பெருமாள வச்சிருந்தாங்க. அகல் விளக்கு ஏத்தியிருந்துச்சு. எங்கப்பா என்னைத் தூக்கிக் காமிச்சாரு. புழுங்க நெல்லு வாசம் இன்னும் மூக்குல இருக்கு."

அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அகல் விளக்கு அவள் எழுதிய செய்தியிலேயே கிடையாது. தான் மத்தியானத்தில் தயிர் சாதத்தோடு கட்டிய கதை ஒரு மனுஷியின் பிள்ளைப் பிராயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு விளக்கேற்றி வைத்திருக்கிறது. இனி அதை அங்கிருந்து எப்படி எழுப்புவது?

"சரி, கீழே இருந்ததை வெட்டினது யாரு?" என்று கலைமதி கேட்டார்.

வைஜயந்தி கணவரின் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாதும்மா. அவருக்கு வந்ததே அப்படித்தான்" என்றாள்.

தூணோரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூட்டம் எந்த முடிவும் எட்டாமல் கலைந்தது. ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியலில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் மட்டும் நின்றார்.

"நீயும் வா" என்றார்.

உத்திரத்து வெயில் காலை எட்டு மணிக்கே முதுகைச் சுட்டது. நாகஸ்வரம் வாசித்தவர் முச்சந்தி நெருங்க நெருங்க ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பல்லக்கைத் தோளில் தாங்கியவர்கள் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நட்ட நடுவில் நின்றார்கள். இடப்பக்கம் ரங்கநாதன் ஆட்கள், வலப்பக்கம் வெள்ளைச்சாமி ஆட்கள். வேட்டிக்குள் மறைத்திருந்த கம்புகள் வெளியே வந்துவிட்டன. கலைமதியோடு இருந்த போலீஸ்காரர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். வலப்பக்கம் ஒதுங்கி நின்ற காரின் ஜன்னலில் வெள்ளையம்மாள் கைகூப்பியபடி இருந்தார்.

பல்லக்குக்கு முன்னால் அழகியமணவாளன். கையில் தாம்பாளம், அதில் பரிவட்டத் துணி.

"சாமி, இப்படி வாங்க!" என்று ஒரு பக்கம் கத்தல். "அந்தப் பக்கம் ஒரு அடி வச்சீங்க, அவ்வளவுதான்!" என்று மறுபக்கம்.

வைஜயந்தி ஃப்ளெக்ஸின் காலடியில் நின்றிருந்தாள். கூட்டத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மேலே பார்த்தாள். 'ரணபேரி' என்ற எழுத்து, அதற்கு வலப்பக்கம் கோபுரம். அந்தப் படம் அவள் வரைந்ததில்லை. கல்யாணப் பத்திரிகைக்கென்று அச்சகத்தில் எப்போதும் தயாராகக் கிடக்கும் படம். அதற்கு அப்பால், கொள்ளிடத்து மணலைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு மேலே நிஜக் கோபுரம் வெயிலில் நின்றது. அதே உயரம், அதே நிலைகள், உச்சியில் அதே கலசங்கள்.

அவளுக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அங்கே சாரக்கட்டு பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் அது வெறும் அடித்தளம்தான். ஊரே மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்லும். அந்த நிழலில் வளர்ந்த இவளே மறந்துபோய், இல்லாத கோபுரத்தைத் தூக்கி நாற்பத்திரண்டில் வைத்திருக்கிறாள். இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. தினமும் பார்க்கிற கோபுரம் என்றைக்கும் இருந்ததாகத்தான் எல்லோருக்கும் நினைப்பு.

"ஐயா!" என்று கத்தினாள். "வெள்ளைச்சாமி ஐயா! உங்க ஃப்ளெக்ஸ்ல இருக்கற கோபுரத்தப் பாருங்கோ! நான் ஒட்டினது, வெட்டினது எதுவும் வேண்டாம். நீங்க கொண்டுவந்த பேப்பர்லயே இருக்கு பாருங்கோ! நாப்பத்திரண்டுல ஏது அவ்வளவு பெரிய கோபுரம்? அது மொட்டைக் கோபுரமா நின்னது உங்களுக்குத் தெரியாதா?"

வெள்ளைச்சாமி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். வயசானவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நிமிர்த்தினார்கள். கம்பு பிடித்த கைகள் கொஞ்சம் இறங்கின.

"எண்பத்தேழுல" என்றார் வெள்ளைச்சாமி, யாருக்கோ பதில் சொல்வது போல. "கும்பாபிஷேகத்தன்னிக்கு மில்லுக்கு லீவு விட்டு நானே லாரில ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனேன்." அப்புறம் காரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எங்க அத்தை பார்த்தது என்னாம்மா?"

வைஜயந்தியும் காரைத்தான் பார்த்தாள்.

ரங்கநாதன் ஆட்கள் கொக்கரித்தார்கள். "பொய்ப் பேப்பர வச்சு மரியாதை கேட்டியாடா!" என்று ஒருவன் பாய்ந்தான். வலப்பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு கல் பறந்து ஃப்ளெக்ஸைக் கிழித்தது. "எங்களச் சொல்லாத! உங்க சாமிதானே போட்டாரு! கீழ இருந்தத யாரு வெட்டுனது, அத முதல்ல கேளு!"

"நான்தான் வெட்டினேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. அழகியமணவாளன் தாம்பாளத்தைப் பல்லக்குத் தண்டில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்.

"என் ஆத்துக்காரி நேத்திக்கு எனக்காகப் பொய் சொன்னா. நான் வாயை மூடிண்டு கேட்டுண்டிருந்தேன். பெருமாள் பேருக்குக் கீழ கருவாட்டு விளம்பரம் இருந்தது. ஆகாதுன்னு வெட்டினேன். அதுக்குள்ள கற்பனைன்னு எழுதியிருந்ததப் படிக்கல. நம்பித்தான் உங்களுக்கெல்லாம் அனுப்பினேன். யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கல. தப்பு என்னோடது. அடிக்கணும்னா என்னை அடிங்கோ, பெருமாள் முன்னாடி நீங்க அடிச்சுக்க வேண்டாம்."

ரங்கநாதன் வெடித்தார். "ஒரு ஊரையே வெட்டிக்கிட்டுச் சாக வச்சிருப்பீங்களே சாமி!" அவர் முடிக்கும் முன் வெள்ளைச்சாமி பிடித்துக்கொண்டார். "படிச்ச பொம்பள, பூஜை பண்ற மனுஷன், ரெண்டு பேரும் சேர்ந்து எங்கள நடுத்தெருவுல கோமாளியாக்கிட்டீங்களே! எங்க தாத்தன் பேரு இனி எந்த மூஞ்சியில..." ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். ஒரு மாதமாக முகம் பார்க்காத பங்காளிகள் ஒரே குரலில் திட்டினார்கள். வைஜயந்தி அத்தனையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

"சாவிய வையுங்க சாமி" என்றார் ரங்கநாதன். "இனிமே நீங்க வேண்டாம்."

வெள்ளைச்சாமி மறுப்பு சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அழகியமணவாளன் இடுப்பிலிருந்து இரும்புச் சாவியை உருவினார். பரிவட்டத் துணியின்மேல் வைத்துத் தாம்பாளத்தை நீட்டினார். வைஜயந்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தன் கேலிக்கு அவர் விலை கொடுக்கிறார்.

ரங்கநாதன் சாவியை எடுக்கக் கை நீட்டினார். அப்போது பல்லக்குத் தாங்கிகளில் ஒருவர், தோள் வலி பொறுக்காமல், "அதெல்லாம் சரிங்க, இப்ப பெருமாளக் கீழ எறக்கி உள்ள வைக்கிறது யாரு?" என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேரில் பெருமாளைத் தொட்டு எழுந்தருளப் பண்ணத் தீட்சை பெற்றவர் அந்த ஒரு மனுஷர்தான். வேறு ஆள் வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்துக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து சேரும்வரை பெருமாள் முச்சந்தி வெயிலில் நிற்க வேண்டும். ரங்கநாதன் வெள்ளைச்சாமியைப் பார்த்தார். வெள்ளைச்சாமி கிழிந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

"பெருமாளுக்கு வெயில் படுதுல்ல" என்றார் வெள்ளைச்சாமி எரிச்சலோடு.

ரங்கநாதன் சாவியைத் தாம்பாளத்தோடு திருப்பித் தள்ளினார். "எடுத்துச் செருகுங்க சாமி. முதல்ல பெருமாள உள்ள கொண்டுபோற வழியப் பாருங்க. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்."

நாகஸ்வரம் மறுபடி எழுந்தது. பல்லக்கு எப்போதும் போல இடப்பக்கம் திரும்பியது. ரங்கநாதன் தலையில் பரிவட்டம் ஏறியது. பிறகு வலப்பக்கம் வந்தது. வெள்ளைச்சாமி மரியாதை வாங்கிக்கொள்ள வரவில்லை, திண்ணையில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழகியமணவாளனே பெருமாள் பாதம் தாங்கிய சடாரியோடு காரண்டை போய் வெள்ளையம்மாளின் தலையில் வைத்தார்.

"மில்லுலயும் இதே மாதிரிதான் வச்சாங்க சாமி" என்றார் கிழவி.

"சேவிச்சுக்கோங்கோ" என்றார் அவர்.

பெருமாளை உள்ளே எழுந்தருளப் பண்ணி, நடை சாத்திவிட்டுக் கிளம்பும்போது உச்சி வெயில். ஸ்கூட்டர் கொள்ளிடம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. நாளைக்கு என்று சொன்னார்களே, அந்த நாளை எப்படி இருக்குமோ என்று வைஜயந்திக்குத் திகில் அடங்கவில்லை. பின்னால் உட்கார்ந்தபடி அவர் முதுகைப் பார்த்தே பேசினாள்.

"நான்தான் எல்லாத்துக்கும் காரணம். இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். கோபமா இருந்தா திட்டிடுங்கோ. பேசாம மட்டும் இருக்காதீங்கோ."

ஸ்கூட்டர் பாலத்தின் பாதியைத் தாண்டியது.

"இருட்டடிப்பிலும் மூக்கால் கண்டுபிடிக்கலாம்" என்றார்.

அது அவள் எழுதிய கருவாட்டு விளம்பரத்தின் முதல் வரி.

"எதிரி விமானம் தாழப் பறந்தால் கம்பெனி பொறுப்பல்ல" என்று அடுத்த வரியையும் எழுத்துப் பிசகாமல் சொன்னார். "அபசாரம்னு வெட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பாதிதான் வைஜூ. ஸந்நிதியில நின்னுண்டு அதைப் படிச்சேன். சிரிச்சுட்டேன். பெருமாள் முன்னாடி, வாய்விட்டு. யாராவது பாத்துடப் போறாளேன்னு வெக்கமாயிடுத்து. அதான் மிச்சத்தப் படிக்காமலே வெட்டினேன்."

இருபத்தைந்து வருஷமாக அவள் காத்திருந்த சிரிப்பு அது. அவள் இல்லாத இடத்தில், அவள்தான் எழுதினாள் என்று தெரியாமல், அவர் சிரித்துவிட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பை மறைக்கப் போய்த்தான் ஒரு ஊர் கம்பெடுத்து நின்றது. வைஜயந்தி அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எதிரே ராஜகோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.